கணிப்பொறி வாசலில் ஒரு கோலம்

கேரளத்துப் பள்ளிகளில் பயிலும் நம் குழந்தைகள் கணிப்பொறிப் பாடத்தை லினக்ஸிலேயே கற்கின்றனர் என்பது மட்டாஞ்சேரி வாழ் தமிழன்பர்கள் அறிந்ததே. 2001இல் தொடங்கி, 2017இல் ‘கைட்’ எனும் நிறுவனமாக மாறிய அரசுத் திட்டத்தின் பயன் அது. ஆதலின் வீட்டிலும் விண்டோஸுக்கு அருகே லினக்ஸை நிறுவுவோர் உளர்.

பொறியை இயக்கியதும், சந்திப்பு நிலையத்துக் கைகாட்டி போல், ‘எவ்வழி?’ என ஒரு பட்டியல் வந்து நிற்குமன்றோ? அதனைக் காட்டுவது ‘கிரப்’ என்னும் மென்பொருள். 1995இல் எரிக் போலின் என்பார் ஆக்கத் தொடங்கியது. அதன் கரும்பின்புலத்தில் நாம் விரும்பும் படத்தை அமைக்கலாம்.

ஊரில் பாட்டி இட்ட கோலத்தின் புகைப்படத்தை அங்கு வைக்க வேண்டுமென்றாள் என் மகள். படத்தைச் சொந்த அடைவில் வைத்தல் தகாது. அது பூட்டப்பட்டிருப்பின் கிரப்பால் எட்ட இயலாது. ‘பூட்’ அடைவினுள் ‘கிரப்’ அடைவில் இட்டேன். பின்னர் ‘எட்சி’ அடைவின் ‘டிஃபால்ட்’ பகுதியிலுள்ள கிரப் கோப்பில், ‘கிரப்_பேக்ரவுண்ட்’ என ஆங்கிலப் பேரெழுத்துகளில் எழுதி, சமக்குறியிட்டு, மேற்கோள் குறிக்குள் படத்தின் முழுப்பாதையைக் குறித்தேன். ‘சூடோ அப்டேட்-கிரப்’ என்ற கட்டளை தந்தாலன்றி மாற்றம் ஏறாது. இதனை மறந்து ஒருநாள் மாலையை வீணாக்கினேன்.

படம் வந்தது, பட்டியலோ மறைந்தது! வெண்கோலத்தின்மேல் வெள்ளெழுத்து எங்ஙனம் தெரியும்? மறுநாள் அவளுக்குப் பள்ளிச் செயற்பாடு ஒப்படைக்கும் நாள். ‘ஜிம்ப்’பில் படத்தை மங்கலாக்கி, பி.என்.ஜி. வடிவில் சேமித்ததும் எழுத்துகள் துலங்கின.

கோலத்தை இன்னுஞ் சற்றுக் காண வேண்டுமென்றாள். ‘கிரப்_டைம்அவுட்’ என்ற வரியில் 10 நொடியை 30 ஆக்கினேன்.