பங்கு வாங்கினால் வீடு

மலாக்காவின் புக்கிட் ரம்பாய் வட்டாரத்துப் பெரியவர்களிடம் கூட்டுறவு என்று பேச்செடுத்தால், தோட்டத்தில்தான் போய் நிற்கும். 1950களின் கடைசியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். வேலையும் லயத்து வீடும் சேர்ந்தே பறிபோயின. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதற்கு ஒரு பதில் சொன்னது. மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு சேர்த்த தொழிலாளர்களின் பணத்தில், கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

இதே முறையில் ஒரு மாடிக் கட்டடத்தையும் சொந்தமாக்கிக் குடியிருக்கலாம். பம்பாயில் 1915லேயே அப்படிச் செய்தார்கள்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. நெரிசலான பழைய குடியிருப்புகளை இடித்துப் புதுச் சாலைகளும் மனைகளும் அமைக்க, 1898இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் ஏற்பட்டது. அது திருத்தி அமைத்த பகுதிகளில் ஒன்று காம்தேவி. கர்நாடகக் கடலோரத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த சாரஸ்வத சமூகக் குடும்பங்களுக்கு அந்த நகரத்தில் நல்ல வாடகை வீடு எட்டாக்கனி. அவர்களில் ஒருவரான ராவ் பகதூர் எஸ். எஸ். தல்மகி, 1906இல் ஷாம்ராவ் விட்டல் கூட்டுறவு வங்கியைத் தொடங்கியவர். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. 1912இல் வந்த புதுச் சட்டம் மற்ற சங்கங்களுக்கும் வழிவிட்டது. மூன்றே ஆண்டில் காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பதிவானது. இந்தியாவின் முதல் வீட்டுவசதிச் சங்கம் என்ற பெயர் அதற்கு உண்டு.

இங்கிலாந்தின் ஈலிங்கில் 1901இல் தொடங்கிய கூட்டுப் பங்குக் குடியிருப்புதான் இதற்கு முன்மாதிரி. கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம். குடியிருப்பவர் அதில் பங்கு வாங்கி உறுப்பினராவார், தம் வீட்டுக்கு வாடகையும் கட்டுவார். அந்த வாடகை எந்த முதலாளியின் பைக்கும் போகாது. கடனை அடைக்கவும் கட்டடத்தைப் பராமரிக்கவும் செலவாகும். நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். வீடு பெரிதோ சிறிதோ, ஆளுக்கு ஓர் ஓட்டுதான்.

பழைய நகரப் பகுதியில் இந்த முறைக்குத் தனி மதிப்பு உண்டு. மலேசியாவில் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தானது. கொடுத்த அவகாசம் முடிந்து 2000 பிறந்ததும் பழைய கடைவீடுகளின் வாடகை எகிறியது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். மலாக்காவின் பழைய தெருக்களும் அதற்குத் தப்பவில்லை. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டம் வந்து தெருக்களுக்குக் காவல் கிடைத்தது, குடியிருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாங்களே வீட்டுக்காரர்களாகவும் இருந்திருந்தால் அவர்களை யார் கிளப்பியிருக்க முடியும்?

நம் அடுக்குமாடிகள் கூட்டுறவு அல்ல, அவரவர் வீடு அவரவருக்குத்தான். ஆனால் மின்தூக்கி, கூரை, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொது. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் இவற்றைக் வீட்டு உரிமையாளர்களின் கூட்டு நிர்வாகக் குழுவிடம், அதாவது ஜே.எம்.பி.யிடம் ஒப்படைக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காடு சேமநிதிக்கும் கட்ட வேண்டும். பின்னாளில் பெயிண்ட் அடிக்கவும் மின்தூக்கியை மாற்றவும் அந்தப் பணம்தான் கைகொடுக்கும். குளியலறைக் கூரையில் நீர் கசிகிறதா? எழுத்தில் புகார் கொடுத்தால் 7 நாளுக்குள் வந்து பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. வேறு காரணம் நிரூபணமாகும்வரை, கோளாறு மேல்வீட்டில் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆண்டுப் பொதுக்கூட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அங்கேதான் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப்பேர் வர வேண்டும் என்பது விதி. அரை மணி நேரம் காத்திருந்தும் வராவிட்டால், வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம் என்றும் அதே விதி சொல்கிறது. நூறு வீட்டுக்கான கட்டணத்தையும் காவலாளி ஒப்பந்தத்தையும் பத்துப் பேர் தீர்மானித்துவிட்டால், வராத தொண்ணூறு வீட்டையும் அது கட்டுப்படுத்தும். கட்டணம் பாக்கி வைத்திருப்பவர் வந்தாலும் ஓட்டுப் போட முடியாது.