வகுப்பறையில் ஒரு நிலநடுக்கமானி

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. 2015 ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. முற்பகல் 11.56க்கு கோர்க்கா பகுதியில் 7.8 அளவில் நிலம் குலுங்கியபோது பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் நொறுங்கின. மறுநாள் நடந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

2019இல் அந்நாட்டின் 22 பள்ளிகளில் விலை குறைந்த நிலநடுக்கமானிகள் பொருத்தப்பட்டன. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நேபாள ஆசிரியர்களும் கைகோத்த திட்டம் இது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியும் அதிர்வை உணரும் கருவியும்தான் மொத்தச் சாதனம். நடுக்கத்தின் முதன்மை அலை முதலில் வரும், இரண்டாம் அலை பிந்தி வரும். இடைப்பட்ட வினாடிகளை எட்டால் பெருக்கினால் நடுக்க மையத்தின் தொலைவு தோராயமாகக் கிலோமீட்டரில் கிடைக்கும். பத்து வினாடி என்றால் சுமார் 80 கி.மீ. எந்தத் திசை என்பது ஒரு பள்ளியின் பதிவில் தெரியாது. மூன்று பள்ளிகள் தத்தம் தொலைவை வரைபடத்தில் வட்டமாகப் போட்டால், அவை வெட்டும் இடத்தையொட்டித்தான் மையம். இதைத் தன் கையால் வரைந்த பிள்ளை, ‘இன்று இரவு பெரிய நடுக்கம் வரும்’ என்ற வதந்தியைக் கேட்டு அலறாது. நாளும் நேரமும் குறித்துச் சொல்ல எவராலும் முடியாது என்று அதற்குத் தெரியும்.

கருவி இல்லாத பள்ளியும் பங்கேற்கலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் இணையப் படிவத்தில், குலுக்கம் எப்படி இருந்தது, என்னென்ன விழுந்தன என்று எந்த நாட்டவரும் பதியலாம்.

ஆனால் கருவி வந்துவிட்டதால் பள்ளி பாதுகாப்பாகிவிட்டது என்று நம்புவது பேராபத்து. அது வந்த அதிர்வைப் பதிகிறது. சுவரைத் தாங்கிப் பிடிப்பதில்லை. 2023 நவம்பரில் நேபாளத்தின் ஜாஜர்கோட் மாவட்டத்தை உலுக்கிய நடுக்கம் கோர்க்காவைவிடப் பல மடங்கு சிறியது. அதிலும் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகளே.

கல்வி அடிப்படை உரிமை என்கிறது நேபாள அரசமைப்பு. இடியாத கூரை அந்த உரிமையில் அடங்காதா? பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கு இடமுண்டு. கட்டடத்தைப் பொறியாளர் கடைசியாக எப்போது சோதித்தார், அலமாரிகள் சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளனவா, குனிந்து மேசைக்கடியில் புகுந்து அதைப் பற்றிக்கொள்ளும் ஒத்திகை நடக்கிறதா என்று அங்கே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். பதில் வராவிட்டால், மாணவர்கள் திரட்டிய பதிவுகளையும் இணைத்து உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். நேபாளத்தில் பள்ளிக் கல்வி இப்போது உள்ளாட்சிகளின் பொறுப்பு.