குப்பத்தின் தலைக்கணக்கு எங்கே போகிறது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் பணிக்கு, 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் ஒவ்வொரு மாநிலமும் 30 நாட்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதையொட்டிப் பழவேற்காட்டுப் பக்க மீனவக் குப்பங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: 2011 பட்டியலில் தேடினால் எங்கள் குப்பத்தின் பெயரையே காணோமே, நாங்கள் எத்தனை பேர்?

கிடைக்காதுதான். கணக்கெடுப்புக்காரர்களுக்கு நாட்டுப்புறத்தில் ‘ஊர்’ என்றால் வருவாய் கிராமம். அதாவது, நிலத்தீர்வை வசூலிக்க சர்வே எண் போட்டு வளைத்த எல்லை. குறியீட்டு எண்ணும் அட்டவணையில் ஒரு வரியும் அதற்குத்தான். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் நிற்கும் குப்பத்தில் தீர்வை கட்ட நிலம் ஏது? பிழைப்பு முழுக்கத் தண்ணீரில். ஆட்களை விட்டுவிடுவதில்லை, வீடு வீடாகப் போய் எண்ணத்தான் செய்கிறார்கள். எண்ணியதை வருவாய் கிராமத்தின் கூட்டுத்தொகையில் சேர்த்துவிடுவதால், குப்பத்துக்கென்று ஓர் எண் வெளியே வருவதில்லை.

சிக்கல் இதற்கு அடுத்த படியில். பள்ளி, மருத்துவமனை, பேருந்து என்று வசதிகளைச் சொல்லும் கிராம விவரப் பட்டியலும் இதே அலகில்தான். ரோட்டோரத் தெருவில் பள்ளி இருந்தால் கிராமம் முழுக்க ‘உண்டு’. அதே எல்லைக்குள் தள்ளிக் கிடக்கும் குப்பத்துப் பிள்ளை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதற்குக் கட்டமே இல்லை. வசதி போய்ச் சேர்ந்துவிட்டதாக அதிகாரிகள் சொல்லும் சதவீதங்களை இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குப்பத்துக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு: தலைக்கட்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பத்தில் ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பிரிக்கும் ‘பாடு’ இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். கெட்டிக்கார ஏற்பாடு, எண்ணிக்கை நேரே தண்ணீர் உரிமையாகிறது. ஆனால் இதில் கல்யாணமான பட்டினவர் ஆண்தான் ஒரு தலை. பெண்ணும், அதே ஏரியில் மீன்பிடிக்கும் இருளரும் இந்தக் கணக்கில் இல்லை.

இம்முறை ஒவ்வொரு கட்டடத்தின் இருப்பிடத்தையும் செயலியில் பதிவு செய்வார்களாம். அப்படியானால் குப்பவாரியாக எண்ணிக்கை பிரித்துத் தர முடியாது என்று இனிச் சொல்ல முடியாது. தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. கிராம எல்லையை மாற்றச் சொல்லி இப்போது மனுப் போட்டுப் பயனில்லை. அதற்கான கெடு 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. 2025 நவம்பரில் வந்து எழுதிக்கொண்டு போனார்களே? அது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் கணக்கெடுப்பு, வேறு கணக்கு. (அதன் 2010 கணக்கில் தமிழகக் கடலோர மீனவ கிராமங்கள் 573; மாநில மீன்வளத் துறை சொல்வது 608. ஊர் எது என்பதிலேயே இரண்டு அலுவலகத்துக்கும் ஒத்துப்போகவில்லை.) பட்டா கேட்பார்களா? கேட்கக் கூடாது. புறம்போக்கு வீடு என்று தெரிந்தால் காலிசெய்யச் சொல்வார்களா? 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தத் தகவல் ரகசியம், வழக்கில் சாட்சியமாகாது. சாதி எப்போது கேட்பார்கள்? 2027 பிப்ரவரியில், ஆட்களை எண்ணும்போது. சைக்கிள், கார் இருக்கிறதா என்று கேட்கிறார்களே, படகு? அதற்குக் கேள்வி இல்லை.