கூடு விட்டுக் கூடு பாயும் எஞ்சின்கள்

பழைய பத்மினிக்குள் புதிய எஞ்சின். முடியும் என்கிறது பட்டறை. கூடாது என்கிறது சட்டம். நடுவில் நிற்கிறார் வண்டிக்காரர்.

மும்பை சாலைகளில் 2023 அக்டோபர் 30ஆம் தேதி முதல் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் இல்லை. கடைசி வண்டி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. டாக்சிகளுக்கான 20 ஆண்டு வயது வரம்பு அதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு வாங்கப்பட்ட பிரீமியர் பத்மினிகளின் கதை வேறு. புனே, பெங்களூர், கோவை என்று பல ஊர்களில், வீட்டோரத் தகரக் கொட்டகைகளில், துணி போர்த்தியபடி அவை இன்னமும் நிற்கின்றன. அப்பா வாங்கிய வண்டி, கல்யாணத்துக்குப் போய்வந்த வண்டி. விற்க மனம் வரவில்லை. ஓட்டலாம் என்றால் வண்டிக்குத் தெம்பில்லை.

தெம்பில்லாததற்குக் காரணம் எளிது. அந்த 1,089 சி.சி. எஞ்சின் 1950களின் ஃபியட் 1100 வழி வந்தது. திறன் சுமார் 40 குதிரைகள். ஏசி பொருத்தினால் மூச்சு வாங்கும். மலைச் சாலையில் ரேடியேட்டர் கொதிக்கும். ரிங், பிஸ்டன், கார்புரேட்டர் என்று எது தேய்ந்தாலும் அசல் உதிரிபாகம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் பட்டறைகளில் அந்த யோசனை பிறக்கிறது: கூடு இருக்கட்டும், எஞ்சினை மாற்றிவிட்டால் என்ன?

யோசனை புதிதல்ல. கம்பெனிகளே காட்டிய வழி இது. 1985இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 118 என்.இ. காரை அறிமுகப்படுத்தியபோது, ஐரோப்பிய ஃபியட் 124 வழி வந்த உடலுக்குள் நிஸானின் 1,171 சி.சி. எஞ்சினை வைத்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸும் அதையே செய்தது. 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உடலில் ஓடிக்கொண்டிருந்த அம்பாசடருக்கு 1990களின் தொடக்கத்தில் இஸுஸுவின் 1,817 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் கிடைத்தன. கனத்த உடம்போடு 1,489 சி.சி. எஞ்சினில் திணறிக்கொண்டிருந்த கான்டெஸாவுக்கு மறுவாழ்வு தந்ததும் இஸுஸுதான். புதிய கார் வடிவமைக்கப் பணமில்லாத, இறக்குமதிக்கு வழியில்லாத காலத்தின் கண்டுபிடிப்பு இது: பழைய கூடு, ஜப்பானிய உயிர்.

கம்பெனி செய்ததைத் தெருமுனைப் பட்டறையும் செய்தது. காரணம் மட்டும் வேறு. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே அன்று பெரிய விலை வித்தியாசம். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டியவர்கள் ஏராளம். 2010 ஜூனில் பெட்ரோலுக்கும் 2014 அக்டோபரில் டீசலுக்கும் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. விலை இடைவெளி சுருங்கியது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்றது. மிச்சம் பிடிக்க டீசலுக்கு மாறியவர்களின் கணக்கு தலைகீழானது.

எல்லா எஞ்சினும் பொருந்தாது

இன்று எஞ்சின் மாற்ற நினைப்பவர் மிச்சத்துக்காக நினைப்பதில்லை. காலையில் சாவி திருகியதும் கிளம்ப வேண்டும், குடும்பத்தோடு 300 கிலோமீட்டர் போய்வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்த எஞ்சின்? இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

பத்மினியில் எஞ்சின் நெடுக்காக உட்கார்ந்திருக்கிறது. சக்தி பின்சக்கரங்களுக்குப் போகிறது. மாருதி 800 தொடங்கி ஸென், சான்ட்ரோ வரை இன்றைய சிறிய கார்களில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால், அதற்கேற்ற கியர் பெட்டிக்கும் ஆக்ஸிலுக்கும் காரின் முன்பாதியையே வெட்டவேண்டி வரும். எனவே நெடுக்காக வைக்கப்பட்ட எஞ்சின்களின் பட்டியல் சிறியது. முதலில் வருவது ஒன்றுவிட்ட சகோதரனான 118 என்.இ.யின் எஞ்சின். அடுத்து மாருதி ஜிப்ஸியின் 1,298 சி.சி. எஞ்சின். 2000க்குப் பின் வந்த அதன் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வகை 80 குதிரைத் திறன் கொண்டது. அதாவது பத்மினியின் அசல் எஞ்சினைப்போல இரு மடங்கு.

எஞ்சின் கிடைத்தபின் லேத் பட்டறையின் வேலை தொடங்குகிறது. மவுண்டிங்குகளைப் புதிதாக அடிக்க வேண்டும். கீழே எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கலாம். புதிய கியர் பெட்டியின் நீளத்துக்கேற்ப ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டி, பாலன்ஸ் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் வேகமெடுத்ததும் வண்டி முழுக்க நடுங்கும். பத்மினியின் அழகே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கை கியர்தான். புதிய பெட்டி வந்தால் தரையில் ஓட்டை போட்டுக் கியர் கம்பியை அங்கே கொண்டுவர வேண்டும். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார்கள், ஒயரிங், அழுத்தம் தரும் பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். துருப்பிடித்த பழைய டாங்க்கை அப்படியே விட்டால் அந்தத் துருவே இன்ஜெக்டரை அடைத்துவிடும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஆபத்து வேறிடத்தில் காத்திருக்கிறது. நாற்பது குதிரைகளுக்காகச் செய்த வண்டி அது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பின் ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும் அதே நாற்பதுக்காக அளந்தவை. எண்பது குதிரைகளை உள்ளே பூட்டிவிட்டு பிரேக்கை அப்படியே விடுவது, ஓட்டத் தெரிந்தவனுக்கு நிறுத்தத் தெரியாத கதை. பட்டறையின் பில்லில் எஞ்சின் பெரிய எழுத்தில் இருக்கும். பிரேக் பல சமயங்களில் இருக்கவே இருக்காது.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

அடுத்த கதவு ஆர்.டி.ஓ. அலுவலகத்தினுடையது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு 2000இல் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, பதிவுச் சான்றில் உள்ளது வேறு, வண்டியில் இருப்பது வேறு என்று ஆகும்படி உரிமையாளர் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை வைத்து, ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு எண்ணை மாற்றிக்கொள்வது வேறு விஷயம். பத்மினிக்குள் ஜிப்ஸி எஞ்சின் அந்தக் கணக்கில் வராது. 'யார் பானெட்டைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்' என்பது பட்டறை தரும் ஆறுதல். பார்ப்பவர் ஒருவர் உண்டு: விபத்துக்குப் பின் வரும் இன்சூரன்ஸ் சர்வேயர். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பாலிசியோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பது அவர் வேலை.

அந்த எண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டெல்லி மாயாபுரி, கொல்கத்தா மல்லிக் பஜார், சென்னை புதுப்பேட்டை ஆகியவை பழைய உதிரிபாகத்துக்குப் பெயர்போன சந்தைகள். அங்கே அடுக்கிக் கிடக்கும் எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவோர் குறைவு. திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதாகப் பெயரெடுத்த மீரட்டின் சோதிகஞ்ச் சந்தையை உத்தரப்பிரதேச போலீஸ் 2021 டிசம்பரில் மூடியது. ரசீது இல்லாமல் வாங்கிய எஞ்சின், அப்பாவின் காரை ஒரு திருட்டு வழக்கின் தடயமாக்கிவிடலாம்.

ஐம்பது வயதின் பரிசு

இன்னொரு பெரிய இழப்பு மெதுவாகத்தான் தெரியவருகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும்; பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவற்றுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் பலகை. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000. அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும். ஃபியட் 1100 என்று பிறந்த வண்டி பத்மினி என்று பெயர் மாறியது 1974 வாக்கில். அதாவது முதல் பத்மினிகள் இப்போதுதான் அந்த ஐம்பதைத் தொட்டிருக்கின்றன. மரியாதை தேடி வரும் நேரத்தில் எஞ்சினை மாற்றியவர், வரிசையிலிருந்து தானே விலகிக்கொள்கிறார்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் ஜன்னல் ஒன்று உண்டு. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி ஆகியவற்றுக்கு மாறலாம்; ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம், விதிகளுக்கு உட்பட்டு. மும்பை டாக்சிகள் ஆயிரக்கணக்கில் சி.என்.ஜி.க்கு மாறி ஓடியது இந்த வழியில்தான். மின்சாரத்துக்கு மாற்றும் கிட்டைச் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் தனிச் சோதனை என்பதால், எண்ணிக்கையில் சுருங்கிவிட்ட பத்மினிக்காக அந்தச் செலவைச் செய்ய எந்தக் கம்பெனிக்கும் அவசரமில்லை.

ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் செய்வது வேறு. பழைய எஞ்சினையே இறக்கி, ரீபோர் செய்து, வால்வு சீட் மாற்றி, ரேடியேட்டரைப் புதுப்பித்து, பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கிறார்கள். நாற்பது குதிரை நாற்பதாகவே இருக்கும். ஆனால் சாவி திருகினால் கிளம்பும்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. இறக்கிவைத்த அசல் எஞ்சினை இரும்பு விலைக்குப் போட்டுவிடாமல் எண்ணெய் தடவி மூலையில் வைப்பது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண் பொறித்த அந்த இரும்புத் துண்டு இல்லாவிட்டால், நாளை வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்ப எந்தப் பட்டறையாலும் முடியாது.