இருமலும் ஒரு புட்டி மருந்தும்

கிராமத்தார் அறியாமையால்தான் வைத்தியரிடம் போவதில்லை என்று படித்த நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1960-களின் தொடக்கத்தில் பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தார் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் விசாரித்தபோது தெரிந்தது வேறு. சளியில் காசக் கிருமி காணப்பட்டவர்களுள் ஏறத்தாழ எல்லோரும் தம் உபாதையை உணர்ந்தே இருந்தனர். பாதிப்பேர் முன்பே சிகிச்சை நாடிச் சென்றுமிருந்தனர். பெரும்பாலோர்க்குக் கிடைத்ததோ இருமலுக்கு ஒரு புட்டி மருந்து! சளியைச் சோதிப்பாரில்லை. ஒரு நாள் கூலியை இழந்து நடந்துபோனவர் மறுமுறையும் போவாரா? இருமும்போது வாயை மூடு என்னும் உபதேசந்தான், தம் நோய் இன்னதென்று அறியாதவர்க்கு எப்படி உறைக்கும்?

1962-இல் வகுத்த தேசியத் திட்டம், பொது மருத்துவ நிலையங்களிலேயே சளிச் சோதனையைச் சேர்த்தது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்பெருக்கியில் பார்க்கும் அவ்வேலைக்குப் பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் போதும்.