பள்ளிக்கு வெளியே ஒரு வாரம்: வீட்டுவழிக் கல்வியில் தமிழின் இடம்

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறி, 2003ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. 6 வயதைக் கடந்து 15 வயதை எட்டாத குடிமக்கள் பிள்ளைகள் தேசியத் தொடக்கப்பள்ளியில் பயில வேண்டும் என்பது அதன் பொதுவிதி. தம் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கல்வி புகட்ட விரும்பும் பெற்றோர் அவ்விதியிலிருந்து விலக்குக் கோரவும் அதே சட்டம் இடமளிக்கிறது. விலக்குக் கோருவோர் தம் பாடத்திட்டத்தைக் கல்வி அமைச்சிடம் முன்வைக்க வேண்டும். ஆண்டுதோறும் பிள்ளையின் முன்னேற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பிள்ளையும் உரிய காலத்தில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியாக வேண்டும். அத்தேர்வில் வெறுமனே தேறினால் போதாது. அவ்வாண்டு அதே பாடங்களை எழுதிய பள்ளி மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்திப் பார்த்தால், கீழிருந்து 100க்கு 33 பேர் நிற்கும் இடத்து மதிப்பெண்ணையாவது அவர்கள் எட்டியிருக்க வேண்டும். தேர்வுக்குரிய பாடங்கள் நான்கனுள் தாய்மொழியும் ஒன்று. ஆகவே வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பம் பள்ளியை விடலாம். தமிழை விட இயலாது.

'வீட்டுவழிக் கல்வி' என்னும் பெயர் சற்றே ஏமாற்றக்கூடியது. பிள்ளை நாள் முழுதும் உணவு மேசையருகே தாயுடன் அமர்ந்து பாடம் படிக்கும் காட்சியை அது நம் மனத்தில் எழுப்புகிறது. உண்மையில் இக்குடும்பங்கள் வாரத்தில் பாதி நேரம் வீட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. பள்ளி தன் வளாகத்துக்குள் ஒருங்கே தருவனவற்றை, அதாவது விளையாட்டு, இசை, செய்முறை அறிவியல், இணைப்பாட நடவடிக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒத்த வயதுத் தோழமை ஆகியவற்றை, பெற்றோர் தீவெங்கும் தேடித் தேடிச் சேர்க்க வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். இத்தேடலில் தமிழ் எங்கே வந்து அமர்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

நான் அறிந்த சில குடும்பங்களின் வழக்கத்தை ஒன்றுசேர்த்து ஒரு வாரத்தை வரைந்து காட்டுகிறேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி, ஏழு வயதுப் பையன் ஒருவன். திங்கட்கிழமை முழுவதும் வீட்டில் ஆங்கிலமும் கணிதமும். செவ்வாய் காலையில் நீச்சல். பள்ளி மாணவர்கள் வகுப்பறையில் இருக்கும் நேரமாதலால் குளத்தில் இட நெருக்கடி இல்லை. புதன்கிழமை நான்கைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடும். பொறியாளரான ஒரு தந்தை மின்சுற்றுகளைப் பற்றிச் செய்முறையாகக் கற்பிப்பார். பிறகு பிள்ளைகள் கீழே பூங்காவில் விளையாடுவர். வியாழக்கிழமை நூலகம், அல்லது அரும்பொருளகம். தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2013ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றிச் செல்லலாம். இக்குடும்பங்கள் அளவுக்கு அச்சலுகையைப் பயன்படுத்துவோர் வேறு எவரேனும் உளரா என்பது ஐயமே. வெள்ளிக்கிழமை அரைநாள் பாடம், அரைநாள் இயற்கை உலா. நம் முன்னோர் 'பூமலை' என்றழைத்த தாவரவியல் பூங்காவாகவோ சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகமாகவோ அது அமையும். சனிக்கிழமை காலை தமிழ்த் துணைப்பாடம், மாலை பையனுக்கு மிருதங்கம், பெண்ணுக்குப் பரதநாட்டியம். ஞாயிறு தாத்தா பாட்டி வீடு.

இந்த அட்டவணையைப் பார்ப்பவர் முதலில் வியப்பது அதன் செறிவைத்தான். பள்ளிக்கு அனுப்பாததால் ஏதேனும் குறை நேர்ந்துவிடுமோ என்னும் அச்சம், காலியாக இருக்கும் மணிகளை எல்லாம் வகுப்புகளால் நிரப்பிவிடத் தூண்டுகிறது. பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் கழியும் நேரத்தைக் கூட்டினால் சில வாரங்களில் அது பாட நேரத்தோடு போட்டியிடும். அனுபவம் முதிர்ந்த பெற்றோர் பலர் ஓராண்டுக்குப் பிறகு ஒரு நாளை முற்றிலும் வெறுமையாக விட்டுவைக்கக் கற்றுக்கொள்கின்றனர். அது நல்லதே, அதைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. மேற்கண்ட வாரத்தில் தமிழ் சனிக்கிழமைக்கு ஒதுங்கிவிட்டது. நீச்சல் பயிற்றுநர் ஆங்கிலத்தில் பேசுகிறார். மின்சுற்று வகுப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. அக்கூட்டத்தில் சீன, யுரேசியக் குடும்பங்களும் உள்ளன, அது இயல்பே. அரும்பொருளக வழிகாட்டியும் பூங்காவின் விளக்கப் பலகைகளும் ஆங்கிலம். வாரத்தின் ஆறாம் நாள், பிள்ளைகள் களைத்திருக்கும் வேளையில், இரண்டு மணி நேரப் பயிற்சித்தாளாகத் தமிழ் வந்து நிற்கிறது.

பெற்றோரின் அக்கறையின்மையால் இது நேர்வதில்லை. தமிழாசிரியர்கள் வேலை நாள்களில் காலைப்பொழுதில் பள்ளிகளில் பணியாற்றுகின்றனர். துணைப்பாட நிலையங்களும் சமூக மன்றங்களும் கலைக்கழகங்களும் பெரும்பான்மை மாணவர்களின் ஓய்வு நேரத்தைக் கருதியே தம் தமிழ் வகுப்புகளை மாலையிலும் வார இறுதியிலும் அமைக்கின்றன. வீட்டுவழிக் கல்வி பெறும் பிள்ளையின் பெருஞ்செல்வம் வேலை நாளின் காலைப்பொழுது. அந்நேரத்தில் நீச்சல் கிடைக்கிறது, சதுரங்கம் கிடைக்கிறது, இயந்திர மனிதவியல் கூடக் கிடைக்கிறது. தமிழ் மட்டும் கிடைப்பதில்லை. பள்ளி செல்லும் பிள்ளைக்கோ தமிழ் வகுப்பு கேட்காமலே வருகிறது. வேறு பிள்ளைகள் சீன, மலாய் வகுப்புகளுக்குப் பிரிந்து செல்லும் வேளையில் தமிழ்ப் பிள்ளைகள் தம் ஆசிரியரிடம் கூடுகின்றனர். தமிழ் பேசும் தோழன் ஒருவனேனும் அங்கே வாய்க்கிறான். பள்ளியை விடும் குடும்பம் இந்த ஏற்பாட்டையும் சேர்த்தே விடுகிறது; விட்டதை உடனே உணர்வதில்லை.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு, தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. வீடு என்னும் அரண் மெலிந்துவரும் காலத்தில், 'வீட்டுவழி' என்னும் சொல்லை நம்பித் தமிழை வீட்டிடம் விட்டுவிடுவது ஆபத்தான கணக்கு.

இனி, இதனால் மொழிக்குள் நேர்வது என்ன என்பதைச் சற்று நின்று பார்ப்போம். சொற்கள் இடங்களோடு ஒட்டிக்கொள்பவை. ஒரு செயலை எம்மொழியில் முதன்முதலாகக் கற்கிறோமோ, அம்மொழியிலேயே அதன் சொற்கள் நாவில் தங்குகின்றன. மேற்சொன்ன சிறுமி நீரில் மிதக்கிறாள், மூச்சை அடக்குகிறாள், காலை உதைத்து முன்னேறுகிறாள். இவை யாவும் எளிய தமிழ்ச் சொற்கள். ஆயினும் அவற்றை அவள் குளத்தருகே ஒருமுறையும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை சதுப்புநிலத்தில் உடும்பைப் பார்க்கிறாள், வேர்கள் மேல்நோக்கி நீண்டிருப்பதைத் தொட்டுப் பார்க்கிறாள், ஓதம் ஏறுவதையும் வடிவதையும் காண்கிறாள். அவளுடைய தமிழில் இவற்றுக்கு இடமில்லை. உறவுமுறை, உணவு, கோபம், கொஞ்சல் ஆகிய சிறு வட்டத்துக்குள் தமிழ் நின்றுவிடுகிறது. அவள் வளர்கிறாள், அவளுடைய தமிழ் ஆறு வயதிலேயே இருக்கிறது.

தேர்வும் இதை வெளிப்படுத்தவே செய்யும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தாய்மொழிப் பாடத்தில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் வாய்மொழிக்கு உரியது; கேட்டல் கருத்தறிதலையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். ஒரு காணொளியைக் காட்டி, அதில் வரும் அன்றாட நிகழ்வைப் பற்றிப் பிள்ளையோடு உரையாடுவர். பிள்ளைக்குக் கருத்து இல்லாமல் இல்லை. வாரம் முழுதும் வெளியுலகில் திரியும் பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவோ உண்டு. அக்கருத்துகள் அனைத்தும் ஆங்கிலத்தில் சேமிக்கப்பட்டிருப்பதே இடர்ப்பாடு. இங்கு மற்றொரு சிக்கலும் உண்டு. தமிழ் கற்பிக்கத் துணியும் பெற்றோர் பெரும்பாலும் பாடநூலையே பற்றுகின்றனர். பிள்ளை 'வந்துகொண்டிருக்கிறான்' என்று பிழையின்றி எழுதக் கற்கிறது. 'வந்துக்கிட்டிருக்கான்' என்று இயல்பாகச் சொல்லத் தயங்குகிறது. தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005ஆம் ஆண்டிலேயே தரமான பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று வலியுறுத்தியது. பள்ளிகள் அதைப் பின்பற்றியுள்ளன; உணவு மேசைகள் இன்னும் பின்பற்றவில்லை.

இதற்கு மாற்றாகச் சில குடும்பங்கள் செய்வதைச் சொல்கிறேன். முதலாவது, பயணத்தைத் தமிழாக்குதல். குளத்திலிருந்து வீடு திரும்பும் பேருந்தில், அன்று கற்றதைப் பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும். சொல் தெரியாத இடத்தில் தாய் எடுத்துக்கொடுப்பார். இது பயன் தரும் வழியே. ஆயினும் ஆங்கிலத்தில் நிகழ்ந்ததைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையாகவே இது பிள்ளைக்குத் தோன்றுகிறது; சில மாதங்களில் சலிப்பும் தட்டுகிறது. தமிழிலேயே முதலில் நிகழும் செயல் ஒன்று வாரத்தில் இருப்பது இதனினும் வலியது. மிருதங்க வகுப்பில் வலந்தலை, தொப்பி, சொற்கட்டு என்னும் சொற்களைப் பையன் மொழிபெயர்ப்பாகக் கற்பதில்லை. அவை அவன் விரல் வழியே நேராக வருகின்றன. ஆனால் ஆசிரியர் அச்சொற்களை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஆங்கிலத்தில் விளக்கினால் இந்தப் பயன் குன்றிவிடும். இன்று பல கலை வகுப்புகளில் அவ்வாறே நடைபெறுகிறது. கட்டணத்தையும் நேரத்தையும் கேட்கும் பெற்றோர் வகுப்பு எம்மொழியில் நடைபெறும் என்பதையும் கேட்பது நன்று.

தேக்கா ஈரச்சந்தையும் ஒரு வகுப்பே. பாட்டியுடன் முருங்கைக்கீரை வாங்கச் செல்லும் பிள்ளை பேரம், எடை, சில்லறை, முற்றல், பிஞ்சு என்பவற்றை ஒரே காலையில் கற்கிறது. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், கேம்பல் லேனில், 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் உள்ளது. நுண்ணிய சிற்பங்கள் செறிந்த செட்டிநாட்டு வாசற்கதவு ஒன்று அங்கே நிற்கிறது. நிலை, வாசற்கால், படி, தாழ்ப்பாள் என்று அதன் முன் நின்று சொல்லிக்கொடுக்க ஒருவர் உடன் இருந்தால் போதும். அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு அச்சொற்களைக் காட்டித் தர வேறு இடம் எளிதில் வாய்க்காது.

தோழமையை உண்டாக்குவதே எல்லாவற்றினும் கடினம். வீட்டுவழிக் கல்வியில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் மிகச் சில. தீவின் வெவ்வேறு மூலைகளில் வாழ்பவை. அவை வாரம் ஒரு முறை கூடினாலும், பெரியவர் முதுகைத் திருப்பிய கணமே பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவர். அதற்காகக் கடிந்துகொள்வதில் பயனில்லை. ஆட்டத்தை மாற்றிப் பார்க்கலாம். பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் போன்றவை தம் சொற்களையும் எண்ணிக்கையையும் தம்மோடு கொண்டுவருகின்றன. பல்லாங்குழியின் உறவினமாகிய சொங்காக் மலாய் வீடுகளில் ஆடப்படுவதால், மலாய்த் தோழர்களும் தயக்கமின்றி வந்து அமர்வர். வயது கலந்த குழுவாயின் மூத்த பிள்ளை இளையதற்கு விதியை விளக்க வேண்டிவரும். அவ்விளக்கம் பயிற்சித்தாள் பலவற்றுக்கு ஈடாகும்.

வேலை நாளின் காலையில் தமிழ் கிடைப்பதில்லை என்றேன். அக்காலை ஓய்வாக இருக்கும் தமிழர் இல்லாமல் இல்லை. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுவிட்ட முதியோரும் நம் குடியிருப்புப் பேட்டைகளில் நிறையவே உள்ளனர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கேட்டுக்கொண்டு, வியாழன் காலை நூலகத்தில் ஒன்றரை மணி நேரம் கூடும் சிறு குழு ஒன்றை நான் அறிவேன். பாடநூல் கிடையாது. பிள்ளைகள் தமிழ் அடுக்கிலிருந்து ஒரு கதைநூலை எடுத்துவருவர். ஆசிரியை வாசித்து நிறுத்துவார். அடுத்து என்ன நிகழும் என்று பிள்ளைகள் பேச்சுத்தமிழில் வாதிடுவர். பிறகு ஆளுக்கு ஐந்து வரி எழுத்துத்தமிழில் எழுதுவர். குழு நடப்பதற்குத் தேவைப்படுபவை மூன்று: தவறாமல் வரும் நான்கு பிள்ளைகள், பேச்சுக்குத் தடையில்லாத ஓர் அறை, ஆசிரியை வர இயலாத நாளில் பொறுப்பேற்க ஒரு பெற்றோர். இவற்றுள் அறைதான் எளிதில் அமைவதில்லை. அமைதி காக்க வேண்டிய வாசிப்புக் கூடத்தில் பிள்ளைகள் வாதிட முடியாது. வேலை நாள் காலைகளில் ஆளின்றி இருக்கும் சமூக மன்ற அறைகளைச் சிறு கட்டணத்துக்குப் பெற முடிந்தால், இத்தகைய குழுக்கள் ஜூரோங்கிலும் தெம்பனிசிலும் உட்லண்ட்சிலும் தனித்தனியே அமையலாம். அப்போது தமிழ் வகுப்புக்காக ஒரு குடும்பம் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம் செய்ய வேண்டியிராது.