பரீட்சை வரிசையும் கணிதப் பயிற்சியும்

கணிதத்தில் ஒரு மாணவன் பெற்ற மார்க்கு இத்தனை என்று கேட்டவுடன், அவன் அறிந்த கணிதமும் அத்தனையே என்று கொள்வது நம்மவரிடையே ஊறிப்போன வழக்கம். துணியை அளக்கும் கோல் துணியை நீட்டுவதுமில்லை, சுருக்குவதுமில்லை. பரீட்சை என்னும் கோலுக்கோ அவ்வளவு நடுநிலைமை கிடையாது. இறுதியில் ஒரு பெரும் பரீட்சை உண்டு, அதன் முடிவில் இன்னார் முதல்வர், இன்னார் கடையர் என்று பெயர்வரிசை வெளியாகும் என்று தெரிந்த நாள் தொட்டு, மாணவன் கற்கும் முறையும், ஆசிரியர் கற்பிக்கும் முறையும், ஏன், கணிதம் என்று அவ்விருவரும் கருதும் பொருளுமே மாறத் தொடங்குகின்றன. இதற்குச் சரித்திரத்தில் கிடைக்கும் தெளிவான உதாரணம், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் நடந்துவந்த டிரைப்பாஸ் என்னும் கணிதப் பரீட்சையாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1909ஆம் ஆண்டுவரை அப்பரீட்சையில் தேறியவர் அனைவரும் தாம் பெற்ற மார்க்கின்படி ஒருவர் பின் ஒருவராக நிறுத்தப்பட்டனர். முதல் வகுப்பினருக்கு ராங்ளர் என்று பெயர். அவருள்ளும் முதல்வருக்குச் சீனியர் ராங்ளர் என்று பெயர். அப்பெயர் பெற்றவரைத் தேசமே கொண்டாடும். பத்திரிகைகள் அவர் வரலாற்றை வெளியிடும். கடைசி வகுப்பின் கடைசி மனிதருக்கும் ஒரு கௌரவம் உண்டு: அவர் பட்டம் பெறும் வேளையில் நண்பர்கள் பெரிய மரக்கரண்டி ஒன்றைக் கயிற்றில் கட்டி மேன்மாடத்திலிருந்து அவர் தலைக்கு நேரே இறக்குவர்.

இப்பரீட்சையின் கடுமையைச் சில எண்களால் உணரலாம். 1854ஆம் ஆண்டில் அது எட்டு நாள் நடந்தது. வினாத்தாள்கள் 16, வினாக்கள் 211, எழுதுவதற்கு அளித்த காலம் 44½ மணி. பிரான்சிஸ் கால்ட்டன் என்பவர் 1869இல் வெளியிட்ட நூலில் கூறுவது இன்னும் வியப்பானது. முழு மார்க்கு 17,000 ஆக இருக்க, சீனியர் ராங்ளர் ஒருவர் பெற்றது 7,500க்குச் சற்று மேல்; பட்டியலில் கடையாக நின்றவர் பெற்றது 300க்கும் கீழ். நூற்றுக்கு நூறு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை என்பதைக் கவனிக்க. எவராலும் எழுதி முடிக்க இயலாத வினாத்தாளில், வெற்றி கையின் விரைவைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஒரு வினாவின்முன் நின்று, 'இது ஏன் இவ்வாறு இருக்கிறது?' என்று கால்மணி நேரம் சிந்திக்கும் மாணவன், அக்கால்மணியில் பத்துப் பேருக்குப் பின்னால் போய்விடுவான்.

ஆகவே விரைவைப் பழக்கும் ஆசிரியர்கள் தோன்றினர். சர்வகலாசாலைப் பேராசிரியரின் சொற்பொழிவுகளுக்கு மாணவர் செல்வது அருகியது; தனிப்பயிற்சி அளிப்போர் இல்லங்களில் கூட்டம் பெருகியது. வில்லியம் ஹாப்கின்ஸ் என்பவர் பதினேழு சீனியர் ராங்ளர்களைப் பயிற்றுவித்தவர். அவருக்குப் பின் வந்த எட்வர்டு ரவுத் 27 பேருக்குக் குறையாமல் உருவாக்கினார். அவர் வாரந்தோறும் கணக்குகள் கொடுத்து, திருத்தி, பெற்ற மார்க்கை எல்லாரும் காண வைப்பார். ரவுத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர் தெளிவாகக் கற்பித்தவர், தாமே சிறந்த நூல்களும் இயற்றியவர். ஆனால் பரீட்சையில் வாராத பகுதி எத்துணை அழகியதாயினும் அங்கு நுழைய வழியில்லை. கண்டத்து ஐரோப்பாவில் கோஷி, ரீமான், வயர்ஸ்ட்ராஸ் முதலியோர் கணிதத்தின் அடித்தளத்தையே புதிதாக அமைத்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தின் கூர்மையான இளைஞர்கள் பழைய கணக்குகளை விரைந்து செய்யப் பழகிக்கொண்டிருந்தனர்.

வரிசையில் இரண்டாமவராக நின்றோர் பட்டியலைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பும் வரும், சிந்தனையும் வரும். பிற்காலத்தில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் 1845இல் இரண்டாமவர். மின்காந்தக் கொள்கையை வகுத்த மாக்ஸ்வெல் 1854இல் இரண்டாமவர். எலெக்டிரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் 1880இல் இரண்டாமவர். கெல்வினைக் குறித்து ஒரு கதை வழங்குகிறது. பரீட்சையில் ஒரு வினாவுக்கு அவரும் முதல்வரான பார்க்கின்சனும் எழுதிய விடைகள் ஒன்றுபோல இருக்கவே, பரீட்சகர் ஐயுற்று விசாரித்தனராம். அவ்விடை வெளிவந்த சஞ்சிகைக் கட்டுரையை மனப்பாடம் செய்திருந்ததாகப் பார்க்கின்சன் கூறினார். அக்கட்டுரையை எழுதியவனே நான்தான் என்றார் தாம்சன். கதை முழுதும் மெய்யோ அன்றோ, அது நெடுங்காலம் நிலைத்ததே அப்பரீட்சையைப் பற்றி மக்கள் என்ன நினைத்தனர் என்பதைக் காட்டும்.

இவ்வளவு கூறியும் வரிசையை முற்றும் பழித்தல் நியாயமாகாது. ஸ்டோக்ஸ், கேலி, ஆடம்ஸ் ஆகிய மூவரும் 1841 முதல் அடுத்தடுத்து மூன்றாண்டு முதலிடம் பெற்றவர்களே. மூவரும் மெய்யான கணித மேதைகள். அன்றியும், முகம் பாராமல் மார்க்கிடும் பரீட்சை, பிறர் ஆதரவு அற்றவருக்கு ஒரு பெருந்துணை. 1890இல் பிலிப்பா ஃபாசெட் என்னும் பெண்மணி, சீனியர் ராங்ளருக்கும் மேலானவர் என்று அறிவிக்கப்பட்டார். பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் 1948ஆம் ஆண்டுவரை அளிக்கப்படவில்லை. ஆகவே அவர் பெயர் ஆடவர் வரிசைக்குப் புறம்பே வாசிக்கப்பட்டது. பெண் மூளைக்குக் கணிதம் ஏறாது என்று பேசியவர் வாயை அந்த ஒரு வாசிப்பு அடைத்தது. 1899இல் புனாவிலிருந்து சென்ற பராஞ்சபே மற்றொருவரோடு முதலிடத்தைப் பகிர்ந்தபோது நம் நாட்டார் அடைந்த மகிழ்ச்சியும் இத்தகையதே. ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சிபாரிசு செய்வார் யார்? வினாத்தாள் ஒன்றுதான்.

எனினும் அந்த வரிசைக்குள்ளிருந்தே அதன் பகைவரும் தோன்றினார். ஹார்டி, தமக்கு அமைந்த பயிற்சி ஆசிரியரிடம் சலிப்புற்றுக் கணிதத்தை விட்டுச் சரித்திரம் படிக்கலாமா என்றும் எண்ணியவர். லவ் என்னும் பேராசிரியர் அவருக்கு ஜோர்தான் என்ற பிரெஞ்சு அறிஞரின் நூலைப் படிக்கும்படி சொன்னார். அதைப் படித்தபோதுதான் கணிதம் இன்னதென்று முதன்முறையாக அறிந்ததாக ஹார்டி 1940இல் எழுதினார். 1898இல் அவர் நான்காம் ராங்ளர். வரிசைமுறையை நீக்க 1907இல் சர்வகலாசாலை முடிவு செய்தது. 1909ஆம் ஆண்டுப் பட்டியலே கடைசி. அதன்பின் வகுப்பு மட்டும் குறிக்கப்பட்டு, பெயர்கள் அகரவரிசையில் வரலாயின.

அந்த ஹார்டிக்குத்தான் 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கணக்கர் ஒருவரிடமிருந்து கடிதம் போயிற்று. ராமானுஜன் கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. பரீட்சையில் மற்றப் பாடங்களால் தவறியவர் என்பதை நாமெல்லாம் அறிவோம். நாம் அதிகம் நினையாத செய்தி வேறொன்று. பள்ளிப் பருவத்தில் அவர் உள்ளத்தில் தீயை மூட்டிய கார் என்பவரின் நூல், டிரைப்பாஸ் மாணவருக்குத் தனிப்பயிற்சி அளித்த ஒருவர், பரீட்சைக்கு உதவும்படி ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பெரும்பாலும் நிரூபணமின்றித் தொகுத்தது! லண்டனில் அது மனப்பாடத்துக்கு உதவிற்று. கும்பகோணத்தில் அதை வைத்திருந்த சிறுவனுக்கு அந்நூலில் பரீட்சை எதுவும் இல்லை. ஆகையால் ஒவ்வொரு முடிவையும் தானே நிறுவிப் பார்த்தான்.

இதுகாறும் கூறியது பரீட்சை பாடத்தை எவ்வாறு குறுக்குகிறது என்பது. வரிசை மாணவன் மனத்தை என்ன செய்கிறது என்பது அதனினும் நுட்பமானது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பர். சர்க்கரை நிறைந்த ஊரில் நல்ல வெல்லமும் மதிப்பிழக்கும் என்பது அப்பழமொழியின் மறுபுறம். மார்ஷ், பார்க்கர் என்னும் இருவர் 1984இல் ஆராய்ந்து கூறியது இதுவே: திறமை ஒத்த இருவருள், வலியவர் நிறைந்த பள்ளியில் படிப்பவன் தன்னைத் தாழ்வாக மதிக்கிறான். மர்ஃபி, வைன்ஹார்ட் இருவரும் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒரு படி மேற்செல்கிறது. இங்கிலாந்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மாணவரின் கணக்கை எடுத்து, தொடக்கப்பள்ளியின் முடிவில் ஒரே மார்க்குப் பெற்றிருந்தும் தத்தம் வகுப்பில் வேறுவேறு வரிசையில் நின்றவரை ஒப்பிட்டனர். உயர்ந்த வரிசையில் நின்றவர், புதிய பள்ளியில், பழைய வரிசையை அறியாத ஆசிரியரிடத்தும், பின்னர் அதிக மார்க்குப் பெற்றனர். கணிதத்தில் வரிசை உயர்ந்தவர் கணிதத்தையே மேலும் படிக்க விரும்பினர். 'எனக்குக் கணக்கு வராது' என்று நம் வகுப்புகளில் சொல்லும் பலர், தாம் பதினோராம் வயதில் யார் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறார்கள் போலும்.

நம் மாநிலத்துச் செய்திக்கு வருவோம். பொதுப் பரீட்சையில் மாநில முதல்வர் இன்னார் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தியது. அதற்கு முன்னர் ஒவ்வோராண்டும் முதல் மூவரின் படங்களைப் பத்திரிகைகளில் கண்டோம். அப்படங்களின் கீழ்ப் பள்ளியின் பெயரையும் கண்டோம். அப்பெயருக்காகச் சில தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டு உருப்போடச் செய்தன. அதைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை ஏற்பட்டது. ஒரு பரீட்சையால் விளைந்த நோய்க்கு இன்னொரு பரீட்சையே மருந்தாயிற்று! அம்மருந்தும் 2025-26 முதல் நீக்கப்பட்டது. வரிசைப்பட்டியல் போயிற்றே தவிர, நூற்றுக்கு நூறு பெற்றவர் தொகையைப் பள்ளி வாயில்களில் பெரிய பதாகைகள் இன்றும் அறிவித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

கணிதத்தில் இவ்வாறு ஓராண்டை இழத்தல் சிறு நஷ்டமன்று. சரித்திரத்தில் ஓர் அரசரை விட்டுவிட்டு அடுத்தவரைப் படிக்கலாம். சார்பும் எல்லையும் இன்னவென்று அறியாமல் வகையீட்டைச் சூத்திரமாக மட்டும் கற்றவனுக்கு, கல்லூரியின் முதலாண்டில் ஒவ்வொரு வரியும் புதிர். மேல்வகுப்பு மார்க்கு உயர்ந்திருப்பதால் தன் குறை எங்கே இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை. மூளை மழுங்கிவிட்டது என்று தன்னையே நொந்துகொள்கிறான். நம் கல்லூரியில் அத்தகைய நண்பர் எவரேனும் இருப்பின், பதினொன்றாம் வகுப்புக் கணித நூலை மீண்டும் எடுத்து, சார்புகள், எல்லை, வகையீடு ஆகிய இயல்களிலுள்ள கணக்குகளை, கடிகாரத்தைப் பாராமல், மாலைதோறும் இரண்டு மாதம் செய்து பார்ப்பாராக. விளங்காத இடத்தில் ஆசிரியரைக் கேட்கத் தயங்க வேண்டாம். அதற்கு மார்க்கிடுவார் ஒருவரும் இலர்.